களிமண்ணும் விளக்கெண்ணெயும்

தமிழில் ஒருவனை வைவதற்குச் சொற்பஞ்சம் என்றுமே ஏற்பட்டதில்லை. கணக்கு வராத பையனைப் பார்த்து, "தலைக்குள் என்ன, களிமண்ணா?" என்பார் வாத்தியார். ஒரு வேலையைச் சொன்னால் வழவழவென்று இழுத்தடிப்பவனைச் "சரியான விளக்கெண்ணெய்" என்று ஊரே சொல்லும். பாவம், இவ்விரு பொருள்களும் நமக்குச் செய்த தீங்குதான் என்ன? பானையாகித் தண்ணீரைக் குளிர்வித்தது களிமண். குழந்தையின் வயிற்றைக் கழுவியது விளக்கெண்ணெய். அவ்வளவு செய்தும், மந்தத்துக்கு ஒன்றும் வழுக்கலுக்கு மற்றொன்றுமாக அவற்றை உவமைக்கு நிறுத்திவிட்டோம்.

இங்கே கூர்ஜர நாட்டிலும் நிலைமை அப்படித்தான். விளக்கெண்ணெய்க்குக் குஜராத்தியில் 'திவேல்' என்று பெயர். 'தீவோ' என்றால் விளக்கு, 'தேல்' என்றால் எண்ணெய். நம்முடைய சொல்லே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, "திவேல் குடித்த முகம்" என்று இவ்வூரார் கேலி செய்வதையும் நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தக் களிமண்ணையும் இந்தத் திவேலையும் பாலியூரித்தேன் என்னும் பொருளில் சேர்க்கும் வேலையிலேயே, ஆராய்ச்சி மாணவனாகிய என் பொழுது இப்போது போகிறது. வேலையை விளக்குவது மட்டும் என் நோக்கமன்று. அதைப்பற்றி எனக்கு ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்லிவிடவே இக்கட்டுரை.

பாலியூரித்தேன் ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மலரை நீங்கள் விடுதி அறையில் படித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அதன்மேல்தான் படுத்திருக்கிறீர்கள். பஞ்சு மெத்தை போய் நுரை மெத்தை வந்து எத்தனையோ காலமாயிற்று. செருப்பின் அடி, பேருந்தின் இருக்கை, குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் நிரப்பிய நுரை, மரத்துக்குப் பூசும் பளபளப்பு எல்லாம் அதன் அவதாரங்களே. 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில், லெவர்குசன் நகரத்து ஆய்வுக்கூடத்தில், ஓட்டோ பாயர் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும் இதை முதன்முதலில் ஆக்கினார்கள். ஐசோசயனேட் என்னும் முரட்டுத் திரவம் ஒரு பக்கம். பாலியால் என்னும், ஹைட்ராக்சில் கைகள் பல உடைய எண்ணெய் போன்ற திரவம் மறு பக்கம். இரண்டும் கைகோத்துச் சங்கிலி சங்கிலியாக நீள்வதே பாலியூரித்தேன். இடையில் சிறிது நீர் சேர்ந்தால் ஐசோசயனேட் அதனோடும் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். இட்லி மாவு பொங்குவதுபோல் பொங்கி, பொங்கிய கோலத்திலேயே இறுகிவிடும். உங்கள் மெத்தை அப்படிப் பொங்கி இறுகிய நுரைதான்.

நிற்க. இதில் களிமண்ணுக்கு என்ன வேலை?

எல்லாக் களிமண்ணும் ஒன்றன்று. நான் சொல்வது மாண்ட்மோரிலோனைட் என்னும் இனம். பிரான்சு நாட்டில் மாண்ட்மோரிலான் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படுவது. வணிகர் வாயில் பென்டோனைட் என்று வழங்கும் மண்ணில் மிகுதியாக இருப்பது இதுவே. உருப்பெருக்கிக்கும் எட்டாத அளவில் இதைப் பார்க்க முடிந்தால், ஓர் அப்பளக் கட்டுப் போலத் தோன்றும். ஒவ்வோர் அப்பளமும் 1 நானோமீட்டர் தடிப்பு. அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. அகலமோ அந்தத் தடிப்பைப்போல் நூறு மடங்கு, இருநூறு மடங்கு. ஒரு கிராம் மண்ணில் உள்ள அப்பளங்களையெல்லாம் தனித்தனியே பிரித்து இரு பக்கமும் அளந்தால், ஏறத்தாழ 750 சதுர மீட்டர் தேறும். சென்னைக் கணக்கில் சொன்னால் 3 கிரவுண்டு மனைக்கும் மேல்! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று வீடு கட்டும் இடம் மடிந்து கிடக்கிறது என்றால், களிமண் தலையன் என்று இனி யாரையும் சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டாமா?

ஆனால் அந்த இடம் மடிந்தே கிடக்கும் வரையில் பயனில்லை. அப்பளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அது வெறும் மண்கட்டி. பாலியூரித்தேனில் அதைக் கலப்பது சோற்றில் கல் கலப்பதற்கு ஒப்பாகும். வீட்டில் நம் தாய்மார்கள் அப்பளம் இட்டு அடுக்கும்போது என்ன செய்கிறார்கள்? இடையிடையே மாவு தூவுகிறார்கள். இங்கும் அதே உபாயம்தான். களிமண் ஏடுகளின்மேல் எதிர் மின்னேற்றம் உண்டு. அதைச் சரிக்கட்ட ஏடுகளுக்கிடையே சோடியம், கால்சியம் போன்றவை வந்து உட்கார்ந்திருக்கும். இவற்றால் அம்மண் நீரை விரும்பும், எண்ணெயை வெறுக்கும். நீண்ட கொழுப்பு வால் கொண்ட அம்மோனியம் உப்பு ஒன்றைக் கரைசலாக்கி அதில் மண்ணை ஊறவைத்தால், சோடியம் எழுந்து இடம் கொடுக்க, வால் முளைத்த அம்மோனியம் அங்கே போய் அமரும். ஏடுகள் விலகும், மண் எண்ணெயை விரும்பத் தொடங்கும். ஜான் ஜோர்டன் என்னும் அமெரிக்கர் 1949-இலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். அன்று இது மசகுப் பொருள்களுக்கும் வண்ணப் பூச்சுகளுக்கும் பயன்பட்டது.

பிளாஸ்டிக்குகளின் உலகம் இதைக் கவனிக்க மேலும் நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆராய்ச்சிக் கூடத்தார், நைலான் உருவாகும்போதே உள்ளே களிமண்ணைப் பிரித்துப் பரப்பினார்கள். நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவான மண்ணாலே அதன் விறைப்பு ஏறத்தாழ இரட்டித்தது. 65 டிகிரி வெப்பத்தில் பாரம் தாங்காமல் வளைந்த நைலான் 145 டிகிரியையும் தாங்கி நின்றது. 1993-இல் அது கார் என்ஜினின் பட்டையை மூடும் உறையாகவும் வந்துவிட்டது. பாலியூரித்தேன் முறை அதற்குப் பின்பு வந்தது. 1998-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வாங், பின்னவாயா என்னும் இருவர் ரப்பர் போன்ற மென்மையான பாலியூரித்தேனில் நூற்றுக்கு 10 பங்கு பதப்படுத்திய களிமண்ணைச் சேர்த்தார்கள். வலிமை இரு மடங்குக்கு மேல், விறைப்பும் அப்படியே, அறுவதற்கு முன் இழுபடும் நீளமும் இரு மடங்குக்கு மேல்! இம்மூன்றாவதுதான் வியப்புக்குரியது. மண்ணோ சுண்ணாம்போ கலந்தால் எந்தப் பொருளும் விறைக்கும். ஆனால் விறைத்தது சீக்கிரம் முறியும் என்பதே எங்கள் துறையில் வழிவழியாக வந்த பாடம். இங்கே விறைத்ததும் நீண்டது.

இதைப் படித்தவுடன் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் களிமண் மழை பெய்யத் தொடங்கியது. மென்மையான ரப்பரில் கிடைத்த இரட்டிப்பு, கெட்டியான நுரையிலும் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணமும் தெளிவாகவே இருக்கிறது. ஏற்கெனவே விறைப்பாயிருக்கும் பொருளுக்கு ஏடுகள் கொடுக்கக்கூடிய விறைப்புக் குறைவு. மேலும், பாலியூரித்தேன் சங்கிலிகளில் கடினப் பகுதி என்றும் மென்பகுதி என்றும் இரண்டு உண்டு. கடினப் பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றுகூடி நிற்பதே இதன் பலம். களிமண் ஏடு நடுவில் புகுந்து அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகும். நூற்றுக்கு 3 பங்கில் ஏறிய வலிமை 7 பங்கில் இறங்குவதைக் கண்டவர் பலர். மிகுந்த மண் மறுபடி ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடுவதே காரணம். பாலியாலில் மண்ணைக் கரைத்தாலோ பாகுபோல் தடித்துவிடுகிறது. நுரை ஊற்றும் இயந்திரம் அதைக் குடிக்க மறுக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐசோசயனேட் அந்த ஈரத்தோடு சேர்ந்து, வேண்டாத இடத்தில் குமிழி விட்டுவிடும். ஆகவே இரவு முழுவதும் வெற்றிட அடுப்பில் உலர்த்திய பிறகே மண்ணைத் தொடுகிறோம்.

இவ்வளவு தொல்லைக்கும் பலனில்லையா என்றால், உண்டு. ஆனால் பலர் தேடும் இடத்தில் அன்று. களிமண்ணின் உண்மையான திறமை காவல் காப்பது. ஏடுகள் படுக்கை வசமாகப் பரவி நிற்கும் படலத்தினூடே ஒரு வாயு புக வேண்டுமானால் நேரே போக முடியாது. மதுரையில் மாசி வீதிக்குப் போக வழி கேட்டவனைச் சந்து சந்தாகத் திருப்பி அனுப்பினால் எப்படியிருக்கும்? அப்படித்தான். நீல்சன் என்பவர் 1967-இல் இதற்கு ஓர் எளிய கணக்கும் தந்தார். தடிப்பைப்போல் 100 மடங்கு அகலமுள்ள ஏடுகள், பருமனில் நூற்றுக்கு 2 பங்கு மட்டும் நன்றாகப் பரவியிருந்தால், கசிவு பாதியாகிவிடும் என்பது அக்கணக்கின் முடிவு. நூற்றுக்கு 2 பங்கு மண், பாதிக் கசிவு! இதைவிட மலிவான காவற்காரன் எங்கே கிடைப்பான்? குளிர்பதனப் பெட்டிச் சுவரின் நுரைக்குள் அடைத்து வைத்த வாயு ஆண்டுக்காண்டு வெளியேறிக் காற்று உள்ளே புகுவதால்தான் பெட்டி பழையதாக ஆக அதிக மின்சாரம் தின்கிறது. அந்தக் கசிவை இந்த ஏடுகள் தாமதப்படுத்தும். நுரையின் கண்ணறைகளையும் அவை பொடிசாக்கும். அதனாலும் வெப்பம் கடப்பது குறையும்.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

"களிமண் கலந்த மெத்தை தீப்பிடிக்காது" என்று ஒரு பேச்சு உலவுகிறது. விடுதி உணவுக்கூடத்தில் எங்கள் துறை நண்பர் ஒருவர் இதை அடித்துச் சொன்னார். கேட்பதற்கு நியாயம்போலவும் இருக்கிறது. மண் எரியுமா என்ன? அடுப்பே மண்ணால்தானே ஆனது! ஆயினும் இப்பேச்சு தவறு. தவறு மட்டுமன்று, ஆபத்தானது. மாதிரித் துண்டைக் கூம்பு வடிவான வெப்பச் சுருளின்கீழ் வைத்து எரித்து, ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்று அளக்கும் கருவி ஒன்று உண்டு. களிமண் சேர்த்த பிளாஸ்டிக்குகளை அதில் வைத்தால், எரிதலின் உச்சம் குறைகிறது என்பது மெய். மேற்பரப்பில் ஏடுகள் திரண்டு ஒரு பொருக்கு உண்டாகி, உள்ளிருந்து எரிபொருள் ஆவி வெளியேறுவதை மட்டுப்படுத்துகிறது. ஆனால் மொத்தமாக வெளிவரும் வெப்பம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதாவது, மெத்தை மெதுவாக எரிகிறது, எரியாமலில்லை. இதைவிடக் கொடுமை, பல வேளைகளில் முன்னதைவிடச் சீக்கிரம் தீப்பற்றுகிறது. ஏடுகளைப் பிரிக்கத் தூவினோமே அந்த அம்மோனிய மாவு, அது 200 டிகிரியை எட்டும்போதே சிதைந்து எரியும் ஆவியை விடுவதே இதற்குக் காரணம்.

புகையைப்பற்றி இப்பேச்சு வாயே திறப்பதில்லை. பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வருகின்றன. நெருப்பு உடலைத் தொடுமுன்பே புகை உயிரைக் குடித்துவிடும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலந்து மாநிலத்தில் ஓர் இசை அரங்கில், மேடை வாணத்தின் பொறி சுவரிலிருந்த ஒலியடக்கும் நுரையில் பட்டது. 100 பேர் மாண்டனர். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலில் சாந்தா மரியா நகரத்தில் அதே கதை: அதே வாணம், அதே நுரை. 242 பேர் போயினர். பெரும்பாலோர் நம்மைப்போன்ற மாணவர்கள். நூற்றுக்கு 5 பங்கு களிமண் அந்த நுரைக்குள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அறைக்கு இரண்டு மின்சாரக் கெட்டிலும் கொசுவர்த்திச் சுருளும் வைத்துக்கொண்டிருக்கும் நாம், மெத்தையில் மண் இருக்கிறது என்று நம்பித் தூங்கலாகாது.

நெருப்புக்கு எதிராகக் களிமண்ணுக்கு வேலையே இல்லை என்பது என் வாதமன்று. உள்ளே கலப்பதைவிட மேலே பூசினால் அது வேறு மாதிரி நடந்துகொள்கிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்னும் பொருளையும் களிமண்ணையும் மாற்றி மாற்றி, மிக மிக மெல்லிய அடுக்குகளாக நுரையின்மேல் ஏற்றிப் பார்த்தார்கள், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக் கழகத்தார். 2012-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி எரிதலின் உச்சம் ஏறத்தாழ பாதியாயிற்று. நுரை உருகி ஒழுகுவதும் நின்றது. இங்கே அம்மோனிய மாவு தேவையில்லை. செங்கல்லும் சாந்தும் வைத்துச் சுவர் எழுப்புவதுபோன்ற வேலை. இறால் ஓடு நம் கடற்கரைகளில் மலைபோல் குவிவது. ஆனால் இதுவும் உச்சத்தைக் குறைத்த கதைதான். தீயை வென்ற கதை அன்று.

ஆகவே களிமண்ணை அதற்கு இயல்பான காவற் பணிக்கே வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சியின் முதற்பாதி. மறுபாதி, எந்த மண், எந்த எண்ணெய் என்பதைப்பற்றியது.

எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஒரு சிறு புட்டியில் பதப்படுத்திய களிமண் இருக்கிறது. கடல் கடந்து வந்தது, வெண்மையானது, மாவுபோல் சன்னமானது. அதை எடுத்துக் கலந்தால், முடிவு அயல்நாட்டுக் கட்டுரைகளில் கண்டபடியே ஒழுங்காக வரும். ஆய்வேடும் குறித்த காலத்தில் முடியும். ஆனால் இதே மாநிலத்தில், கட்ச் மாவட்டத்தில் புஜ், மாண்டவிப் பக்கங்களில், பென்டோனைட் பூமியைத் தோண்டினால் வருகிறது. இராஜஸ்தானத்தின் பார்மேரிலும் உண்டு. நம் நாட்டார் அதை எண்ணெய்க் கிணறு துளைக்கவும், இரும்பு வார்ப்பு அச்சுக்கும் கொடுக்கிறார்கள். அயல்நாடுகளில் வீட்டுப் பூனைகளின் கழிவுத் தொட்டியில் போடவும் பென்டோனைட் விலைபோகிறது! ஏன் அதை ஆராய்ச்சிக்கு எடுப்பதில்லை என்று கேட்டால், "அசுத்தம், நிறம் சரியில்லை" என்ற பதில் வருகிறது. நிறம் உண்மைதான். தக்காணத்து எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண் அது. இரும்பு கலந்திருப்பதால் பழுப்பாக இருக்கும். குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரை பழுப்பாயிருந்தால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அசுத்தத்தைப் போக்குவதும் பெரிய மாயமன்று. மண்ணை நீரில் ஊறவைத்துக் கலக்கித் தெளியவிட்டால் மணலும் குருணையும் அடியில் தங்கும். மேலே கலங்கி நிற்பதுதான் நமக்கு வேண்டியது. அதைச் சோடியமாக்கி, இளஞ்சூட்டில் அம்மோனிய உப்பைச் சேர்த்து, குளோரைடு போகும் வரை கழுவ வேண்டும். வெள்ளி நைட்ரேட் துளி விட்டால் பால்போல் திரியாத வரைக்கும் என்று கணக்கு. பிறகு உலர்த்தி அரைக்க வேண்டும். ஒரு வாரத்து வேலை. முதுகு நோகும் வேலை. புட்டியைத் திறப்பதற்கு அரை நிமிஷம் போதும் என்பதை நான் மறுக்கவில்லை.

எண்ணெய் விஷயமும் இதுதான். உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவது இந்தியாவில்; இந்தியாவிலும் பெரும்பகுதி இந்தக் குஜராத்தில். மேசானா, பனாஸ்காண்டாப் பக்கம் ரயிலில் போனால் கண்ணுக்கெட்டிய வரை ஆமணங்கொட்டைச் செடிதான். மற்ற எண்ணெய்களை இரசாயன வேலைப்பாடு செய்த பிறகே பாலியாலாக்க முடியும். விளக்கெண்ணெய்க்கு அதுகூட வேண்டாம். அதன் கொழுப்பில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலிக் அமிலம். ஹைட்ராக்சில் கை பிறவியிலேயே உண்டு. எனினும் இதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். விளக்கெண்ணெயை அப்படியே ஊற்றி நல்ல மெத்தை செய்ய முடியாது. சங்கிலிகள் குட்டையாகிப் பஞ்சின் மென்மை வராது. ஐசோசயனேட்டையும் ஆமணக்கு தராது. அது பரூச் பக்கத்து ஆலைகளிலிருந்தோ கப்பலிலிருந்தோ வந்தாக வேண்டும். ஆனால் நீரை அண்டவிடாத பூச்சுக்கு இந்த எண்ணெய் வெகு பொருத்தம். களிமண்ணின் திறமையும் காவல்தானே? இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் இரும்பின்மேல் பூசும் பாலியூரித்தேன் பூச்சு. கண்ட்லாவானாலும் தூத்துக்குடியானாலும் உப்புக் காற்று இரும்பைத் தின்னாத கடற்கரை நமக்கு இல்லை. மெத்தைக்குள் வெறும் பெயருக்கு மண்ணைத் தூவுவதை விட்டு, பாலத்தின் கைப்பிடிக்கும் படகின் ஆணிக்கும் அதை அனுப்பலாம் என்கிறேன்.

இதைச் செய்வோர் ஒரு சத்தியத்துக்கும் கட்டுப்பட வேண்டும். எக்ஸ் கதிர்ப் படத்தில் ஏடுகளின் முகடு மறைந்துவிட்டது என்ற ஒன்றை வைத்துக்கொண்டே "முற்றும் பிரிந்துவிட்டன" என்று எழுதிவிடுகிறோம். முகடு மறைய வேறு காரணங்களும் உண்டு. ஏடுகள் தாறுமாறாகக் குலைந்திருந்தாலும் மறையும், மண் மிகக் குறைவாயிருந்தாலும் மறையும். மின்னணு நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்த பிறகே பேச வேண்டும். வலிமை ஏறிய மாதிரியை மட்டும் அட்டவணையில் ஏற்றி, இறங்கிய மாதிரியை இழுப்பறையில் போடும் வழக்கமும் போக வேண்டும். கட்ச் மண்ணில் ஒரு மூட்டை சரியாக வராவிட்டால், அடுத்த மாணவனுக்குத் தேவை அந்தச் செய்திதான். அதை யாரும் அச்சிடாததால்தான் அவன் மறுபடி புட்டியைத் தேடிப் போகிறான்.

மூன்று குழிகளிலிருந்து எடுத்த மண் இப்போது எங்கள் கூடத்து மூலையில் மூன்று சாக்குகளில் இருக்கிறது. மூன்றும் மூன்று நிறம். இரும்பு ஏட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறதா, வெளியே துருவாக ஒட்டியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளியே இருந்தால் கழுவி எடுத்துவிடலாம். நம் சங்கத்தில் புவியியல் படிக்கும் அன்பர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பிற்பகல் முழுவதும் நான் அங்கேதான் இருப்பேன். கைபோட வருபவர்கள் பழைய சட்டை அணிந்து வரவும்.